எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு: எந்தச் சிறப்புப் பிரிவை எடுப்பது?

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பின் முதல் ஆண்டு எல்லோருக்கும் பொதுவானது. தனிநபர் சமூகப்பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம் ஆகிய நேரடி முறைகள் மூன்றும், நல நிர்வாகம், சமூகப்பணி ஆய்வு, சமூகச் செயல்பாடு ஆகிய துணை முறைகள் மூன்றும் அந்த ஆண்டிலேயே அறிமுகமாகிவிடும். கூடவே வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, ஒரு கிராம முகாம். அது முடிகிற நேரத்தில் ஒரு படிவம் கைக்கு வரும். சமுதாய மேம்பாடு (சி.டி.), மருத்துவ மனநலப் பிரிவு, மனிதவளம் (எச்.ஆர்.), சில கல்லூரிகளில் குடும்ப குழந்தை நலம். ஒன்றில் டிக் செய்ய வேண்டும்.

அந்த வாரத்தில் மாணவர்கள் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஒன்றுதான். "எதுல சார் வேலை கிடைக்கும்?" "வீட்ல எச்.ஆர். எடுன்னு சொல்றாங்க, எனக்கு சைக்கியாட்ரி பிடிச்சிருக்கு." "சி.டி. எடுத்தா கடைசி வரைக்கும் என்.ஜி.ஓ.லயே இருக்கணுமா மேடம்?" இவை நியாயமான கேள்விகள். கல்விக் கடன் வாங்கிப் படிக்கிறவர், வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவர், சம்பளத்தைப் பற்றி நினைக்காமல் முடிவெடுக்க முடியாது. நினைக்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் நாலு பிரிவும் ஒரே வேலையின் நாலு விலை போலத் தெரியும். அவை நாலு வேறு வாழ்க்கைகள்.

ஒப்பிட எடுத்துக்கொள்ளும் அளவுகோல்கள்

முதல் அளவுகோலை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்: உங்களுக்குச் சம்பளம் தருபவர் யார், நீங்கள் யாருக்காக உழைக்கிறீர்கள், இந்த இருவருக்கும் இடையே எவ்வளவு தூரம்?

அடிப்படைத் தாளில் முதல் வாரமே படித்திருப்பீர்கள். லண்டனில் 1869இல் தொடங்கிய அறக்கொடை அமைப்புச் சங்கம், உதவி கேட்டு வரும் ஏழை அந்த உதவிக்குத் "தகுதியானவரா" என்று வீடு வீடாகப் போய் விசாரித்தது. பணம் கொடுத்தவர்கள் வசதி படைத்தவர்கள்; விசாரித்தவர்கள் அவர்கள் சார்பில் போனவர்கள். 1884இல் லண்டனில் தொடங்கிய டாயின்பி ஹாலும், 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸும் வேறு வழியில் போயின: ஏழைகள் வாழும் தெருவிலேயே குடியேறி, அங்கிருந்து வேலை செய்வது. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்துபோகும் இந்த வரலாறுதான் இன்றைக்கும் ஒவ்வொரு சமூகப்பணியாளரின் மேசையிலும் இருக்கிறது. பணம் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, மனிதர் இன்னொரு பக்கத்தில் நிற்கிறார், நடுவில் நீங்கள். எந்தப் பிரிவிலும் இந்த இடைவெளி இல்லாமல் இல்லை. அதன் அகலமும் தன்மையும்தான் மாறுகின்றன.

இரண்டாவது, எம்.எஸ்.டபிள்யூ.வோடு படிப்பு முடிகிறதா, மேலும் படித்தால்தான் கதவு திறக்குமா என்பது. மூன்றாவது, முதல் வேலை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும், அது எத்தனை நாள் நிலைக்கும். நான்காவது, உடலுக்கும் மனதுக்கும் ஆகும் செலவு. ஐந்தாவது, தவறான பிரிவை எடுத்துவிட்டதாகப் பிறகு தோன்றினால் மாறிக்கொள்ள வழி உண்டா என்பது.

மருத்துவ மனநலப் பிரிவு

மருத்துவமனையில் சமூகப்பணியாளர் என்ற வேலை பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1905இல் தொடங்கியது. இந்தியாவுக்கு 1946இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை வழியாக வந்தது. மருந்து கொடுத்து அனுப்பிய நோயாளி அதே நோயோடு ஏன் திரும்பி வருகிறார் என்ற கேள்விக்கு வீட்டுக்குள் போய்ப் பதில் தேடுவதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் இந்த வேலையின் சாரம்.

இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் மனதில் இருப்பது ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஆலோசனை. நடப்பில் காலைப் பொழுதில் பாதி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான காகிதங்களில் போகும். வருமானச் சான்று இல்லாதவர், குடும்ப அட்டையில் பெயர் நீக்கப்பட்டவர், கூட வந்த உறவினர் காணாமல் போனவர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். இதைச் சில்லறை வேலை என்று நினைக்கிறவர்கள் இந்தப் பிரிவுக்கு வர வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் அந்தச் சான்றிதழ் வந்து சேர்வதுதான் அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குக் கிடைக்கும் மிகப் பெரிய ஆறுதல்.

இங்கே மறைந்திருக்கும் செலவு, படிப்பு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, "மனநலச் சமூகப்பணியாளர்" யார் என்பதை வரையறுக்கிறது: சமூகப்பணியில் முதுகலைப் பட்டமும், அதன் மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி கொண்ட இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் பெற்றவர். அதாவது இந்தப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவுடன் நீங்கள் மனநல மையத்தில் வேலை பார்க்கலாம். சட்டம் சொல்கிற மனநலச் சமூகப்பணியாளர் ஆகிவிட மாட்டீர்கள். அதற்கு பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வு எழுதி, குறைந்த இடங்களுக்குப் போட்டியிட்டு, இன்னும் இரண்டாண்டு படிக்க வேண்டும். இதோடு இன்னொரு சிக்கல். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். படிப்பையே பொதுவாக நிறுத்தியது. மனநலச் சமூகப்பணிக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் விதிவிலக்காக 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. ஆகவே நீங்கள் முடித்து வெளியே வரும் ஆண்டில் அந்தப் படிப்பு எந்தப் பெயரில், எந்த வடிவில் நடக்கிறது என்பதை, விண்ணப்பிக்க நினைக்கும் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். சீனியர் சொன்னதை நம்பி இதில் இறங்காதீர்கள்.

மனநலம் தவிர்த்த மருத்துவச் சமூகப்பணியில் இந்தக் கூடுதல் படிப்புத் தேவையில்லை. புற்றுநோய் மையங்கள், டயாலிசிஸ் பிரிவுகள், வலி நிவாரணப் பராமரிப்பு, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு என்று இடங்கள் இருக்கின்றன. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு, அவர்கள் வாழ்க்கையின் மிகக் கொடிய மணி நேரத்தில் உட்கார்ந்து பேசுகிற வேலை அது. தனிநபர் சமூகப்பணித் தாளில் படித்த ஏற்றல், தீர்ப்பளிக்காமை, சுயமுடிவு என்ற கோட்பாடுகள் அந்த ஒரு உரையாடலில் அத்தனையும் தேவைப்படும். "வேண்டாம்" என்று சொல்ல அந்தக் குடும்பத்துக்கு உள்ள உரிமையை, கொடுக்க அவர்களுக்கு உள்ள உரிமைக்குச் சமமாக மதிக்கத் தெரிந்தவர்தான் அங்கே உட்கார வேண்டும்.

சம்பளம் தருபவருக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள தூரம் தனியார் மருத்துவமனையில் வெளிப்படையாகத் தெரியும். பில் கட்ட முடியாத குடும்பத்தை "கவுன்சலிங் பண்ணுங்க" என்று உங்களிடம் அனுப்புவார்கள். அதற்கு என்ன பொருள் என்று முதல் மாதத்திலேயே புரிந்துவிடும். அரசு மருத்துவமனையிலும் அறக்கட்டளை மருத்துவமனையிலும் அந்த நெருக்கடி குறைவு. ஆனால் அங்கே பணியிடங்களே குறைவு.

யாருக்குப் பொருத்தம்? ஒரே மனிதரோடு நீண்ட நேரம் உட்காரப் பொறுமை உள்ளவர், மருத்துவர் முன்னால் குரல் தாழாமல் பேசக்கூடியவர், இன்னும் இரண்டாண்டு படிக்க வீட்டுச் சூழல் இடம் கொடுப்பவர்.

சமுதாய மேம்பாடு

இந்தியாவில் சமுதாய மேம்பாட்டுத் திட்டம் 1952 அக்டோபர் 2இல் தொடங்கியது. இன்றைக்கு இந்தப் பிரிவில் முடித்தவர்கள் வேலை பார்க்கும் களம் அதைவிட மிக விரிந்தது: சுய உதவிக் குழுக் கூட்டமைப்புகள், நீர்நிலை மீட்பு, வன உரிமைச் சட்டத்தின் கீழ் பழங்குடியினர் பட்டா, நகரத்திலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டவர்களின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற குடியிருப்புகள். கிராமத்துக்குப் போகிற பிரிவு இது என்ற எண்ணம் பழையது. சென்னையின் தென்கோடியில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் ஒரு சமுதாயம் எப்படி உருவாகிறது, எப்படி உருவாகாமல் போகிறது என்பதைப் பார்க்கிறவரும் இந்தப் பிரிவுக்காரர்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இதை எடுக்கக் கூடாது. இரண்டு சட்டங்கள் உங்கள் வேலையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

ஒன்று வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். 2020இல் வந்த திருத்தம், வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெரிய நிறுவனங்கள் வழியாகப் பணம் பெற்று ஊராட்சி ஒன்றிய அளவில் வேலை செய்துவந்த சின்ன அமைப்புகளை இது நேரடியாகத் தாக்கியது. நம் சீனியர்கள் வேலை கற்றுக்கொண்ட இடங்கள் பெரும்பாலும் அத்தகைய சின்ன அமைப்புகள்தான்.

இன்னொன்று நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். எனப்படும் இந்தப் பணம் வந்ததால் வேலைகள் பெருகின என்பது உண்மை. அந்தத் திட்டங்கள் ஓராண்டு, மூன்றாண்டு என்று கணக்கு வைத்து ஓடுகின்றன என்பதும் உண்மை. ஒரு ஊரில் மக்களின் நம்பிக்கையைப் பெறுவதற்குள் திட்ட காலம் முடிந்துவிடும். போன மாதம் வரைக்கும் "அக்கா, அண்ணா" என்று கூப்பிட்டவர்களிடம் "இனி நாங்கள் வரமாட்டோம்" என்று போய்ச் சொல்கிற பொறுப்பும் உங்களுடையதுதான். இதைத்தான் இந்தப் பிரிவின் மறைந்திருக்கும் மிகப் பெரிய செலவாக நான் கருதுகிறேன். சம்பளம் குறைவு என்பதை எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். இதை யாரும் சொல்வதில்லை.

சின்னச் செலவுகளும் உண்டு. இருசக்கர வாகனம் ஓட்டத் தெரியாமல் இந்த வேலை நடக்காது. கூட்டங்கள் மக்கள் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். பெண்கள் இந்தப் பிரிவை எடுக்கும்போது வீட்டில் வரும் எதிர்ப்பு பெரும்பாலும் இந்த நேரத்தைப் பற்றித்தான். அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரவுப் போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் என்ன ஏற்பாடு என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல அமைப்பு தயங்காமல் பதில் சொல்லும். சாதியையும் மறக்கக் கூடாது. ஊருக்குள் எந்தத் தெருவில் முதலில் உட்கார்ந்தீர்கள், யார் வீட்டில் தண்ணீர் குடித்தீர்கள் என்பதை ஊர் கவனிக்கும். அதை அறிந்து செய்கிறவர்தான் சமுதாய அமைப்பாளர்.

யாருக்குப் பொருத்தம்? கூட்டத்தில் பேசுவதைவிடக் கூட்டத்தைப் பேச வைப்பதில் மகிழ்ச்சி காண்பவருக்கு. கிராம சபை நாளில் மனு எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், அந்த ஊர்க்காரரே மனு எழுதும்படி ஆக்கத் தெரிந்தவருக்கு. முதல் சில ஆண்டுகள் குறைந்த வருமானத்தில் ஓட்டக்கூடிய நிலையில் இருப்பவருக்கு.

மனிதவளம்

எச்.ஆர். எடுத்தவரை மற்றப் பிரிவு மாணவர்கள் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கிற வழக்கம் பல துறைகளில் இருக்கிறது. அது தவறு. தொழிலாளர் நலம் இந்தியச் சமூகப்பணிக் கல்வியின் பழைய கிளைகளில் ஒன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 2020இன் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, 10 பேர் வேலை செய்யும் இடத்திலும் புகார்களை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு வேண்டும் என்கிறது. அதன் ஊழியர் உறுப்பினர்களுக்குச் சமூகப்பணி அனுபவம் இருப்பதை விரும்பத்தக்க தகுதியாகச் சொல்கிறது. திருப்பூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர், ஊரில் தாய் இறந்த செய்தி வந்த இரவில் போய் நிற்கும் மேசை எச்.ஆர். மேசை. அங்கே சமூகப்பணி படித்தவர் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

சம்பளமும் வேலைவாய்ப்பும் நாலு பிரிவுகளில் இதற்கே அதிகம். ஆனால் இங்கே நீங்கள் எம்.பி.ஏ. படித்தவரோடு ஒரே வரிசையில் நிற்கிறீர்கள். முதல் வேலை பெரும்பாலும் வருகைப் பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஒப்பந்தத் தொழிலாளர் கணக்கு. மக்களோடு பழக வேண்டும் என்று வந்தவர் மூன்று ஆண்டுகள் கணினித் திரையோடு பழக நேரலாம். நல அலுவலர் பதவி உங்கள் இலக்கு என்றால், மாநில விதிகள் ஏற்கும் பட்டங்களில் உங்கள் கல்லூரியின் பட்டமும் பிரிவும் வருகின்றனவா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தூரம் என்ற அளவுகோலில் இதுதான் மிகவும் அகலமான பிரிவு. உள்விசாரணை நடக்கும்போது நீங்கள் உட்காரும் நாற்காலி நிர்வாகத்தின் பக்கம். ஆட்குறைப்புப் பட்டியலை வாசிப்பவரும் நீங்களே. அந்த நாற்காலியிலிருந்தே ஒரு தொழிலாளியின் நியாயமான விசாரணைக்கான உரிமையைக் காப்பாற்ற முடியும். காப்பாற்றிய பலர் இருக்கிறார்கள். ஆனால் அந்த இழுபறியோடு தினமும் வாழ முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாறிக்கொள்ளும் வழியைப் பற்றி ஒன்று. யு.ஜி.சி. நெட் தேர்வில் சமூகப்பணி ஒரு தாள். தொழிலாளர் நலமும் மனிதவளமும் சேர்ந்தது இன்னொரு தாள். கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் எந்தத் தாளை எழுதப் போகிறீர்கள் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

குடும்ப குழந்தை நலம்

சட்டத்தின் துணை மிகத் தெளிவாக இருக்கும் பிரிவு இது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி அமையும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் அமர்கிறார்கள். சட்டத்துடன் முரண்பட்ட, அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும், குழந்தையைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும். அந்த அறிக்கையின் தரம் ஒரு குழந்தை வீட்டுக்குப் போகிறதா, இல்லத்துக்குப் போகிறதா என்பதில் எடை பெறுகிறது. தனிநபர் சமூகப்பணியில் அறிக்கை எழுதக் கற்றுத்தரும்போது சலித்துக்கொள்ளும் மாணவர்கள், இந்த ஒரு காரணத்துக்காகவாவது அதை ஒழுங்காகக் கற்க வேண்டும்.

மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுகளில் பணியிடங்களில் பெரும்பகுதி ஒப்பந்த அடிப்படையிலானவை. போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்குகளில் குழந்தையோடு துணை நிற்பவருக்கு இரவில் தூக்கம் வராது. மேற்பார்வையாளர் ஒருவரோடு மனம்விட்டுப் பேச வழியில்லாத அமைப்பில் இந்த வேலையை ஏற்காதீர்கள்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | மருத்துவ மனநலம் | சமுதாய மேம்பாடு | மனிதவளம் | குடும்ப குழந்தை நலம் |
|---|---|---|---|---|
| சம்பளம் தருபவர் | மருத்துவமனை, அறக்கட்டளை | நன்கொடையாளர், சி.எஸ்.ஆர்., அரசுத் திட்டம் | நிறுவனம் | பெரும்பாலும் அரசுத் திட்டம் |
| மேற்படிப்பு | மனநலத்துக்கு அவசியம் | அவசியமில்லை | அவசியமில்லை. தொழிலாளர் சட்ட அறிவு வேண்டும் | அவசியமில்லை. குழந்தைச் சட்ட அறிவு வேண்டும் |
| முதல் வேலை | தாமதமாகலாம் | கிடைக்கும். திட்ட காலம் வரை | விரைவில் | ஒப்பந்தத்தில் |
| மறைந்த செலவு | இரண்டாண்டு, நுழைவுத் தேர்வு | பாதியில் விட்டு வரும் வலி | நிர்வாகப் பக்க நாற்காலி | மனச்சுமை |
| மாறும் வழி | குழந்தை நலத்துக்கு எளிது | மற்ற நலத் துறைகளுக்கு எளிது | வெளியேறுவது எளிது. சம்பளம் குறையும் | மருத்துவத்துக்கு எளிது |

கடைசி வரிசை பல ஆண்டுகள் மாணவர்கள் போன வழிகளைப் பார்த்து நான் எழுதியது. விதிவிலக்குகள் உண்டு. சமூகப்பணிக்கு இந்தியாவில் தனிச் சட்டப்பூர்வ ஆணையம் கிடையாது. ஆகவே பிரிவு மாறுவதை யாரும் சட்டம் காட்டித் தடுப்பதில்லை. அனுபவச் சான்றுதான் பேசும். மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்கள் மட்டும் 2021இன் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் வருகிறார்கள். அந்தப் பதிவு முறை நடைமுறைக்கு வரும்போது அந்தக் கதவு வெளியாருக்குக் குறுகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னும் முடிவு வரவில்லை என்றால்

முதலாண்டுக் களப்பணி அறிக்கைகளை எடுத்து ஒரே மூச்சில் வாசியுங்கள். எந்த ஏஜென்சியில், அதாவது களப்பணிக்குப் போன எந்த அமைப்பில், எழுதியவை நீளமாக இருக்கின்றன, எங்கே மனிதர்கள் பேசிய வார்த்தைகளை அப்படியே எழுதியிருக்கிறீர்கள், எங்கே "வழக்கம்போல் சென்றேன், கவனித்தேன்" என்று முடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிளேஸ்மென்ட் பட்டியலைவிட அது நம்பகமானது.

பணம் உடனடித் தேவை என்றால் மனிதவளம் எடுங்கள். குற்ற உணர்வு வேண்டாம். கடன் இல்லை, வெளியூர் போக முடியும், இன்னும் படிக்க ஆசை இருக்கிறது என்றால் மருத்துவ மனநலம். எதுவும் தெளிவாகவில்லை, ஆனால் ஓரிரு ஆண்டு குறைந்த வருமானத்தைத் தாங்க முடியும் என்றால், நான் சமுதாய மேம்பாட்டைச் சொல்வேன். தனிநபர், குழு, சமுதாயம் என்ற மூன்று முறைகளும் ஒரே வாரத்தில் தேவைப்படும் களம் அது ஒன்றுதான். அங்கே கற்றது மற்ற எந்தப் பிரிவுக்குப் போனாலும் கூட வரும்.

படிவத்தில் டிக் செய்வதற்கு முன் துறை அலுவலகத்தில் மூன்றைக் கேளுங்கள். அந்தப் பிரிவுக்குச் சென்ற ஆண்டு கொடுத்த களப்பணி ஏஜென்சிகளின் பட்டியல்; அங்கே மேற்பார்வை செய்பவர் சமூகப்பணி படித்தவரா என்பது; பிளாக் பிளேஸ்மென்டுக்கு (இடைவிடாத முழுநேரக் களப்பணி) வெளியூர் போனால் பயணத்தையும் தங்குமிடத்தையும் யார் ஏற்கிறார்கள் என்பது. பிரிவின் பெயர் எவ்வளவு பிடித்திருந்தாலும், இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.